ஒரே ரவுண்டில் ரெண்டு ஸ்னீக் அட்டாக்: ரோக் சொல்வது சரிதானா?

தம்பி, உங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சண்டைக்கு முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஸ்னீக் அட்டாக் (சந்தர்ப்பம் பார்த்து அடித்துக் கூடுதல் சேதம் செய்யும் திறன்) விஷயத்தில் உங்கள் ரோக் (களவாளிப் பாத்திரம்) சொன்னது சரி, டி.எம். (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) சொன்னது தப்பு. பாலடின் (சபதமேற்ற வீரன்) விஷயத்தில் சண்டை போட்ட ரெண்டு பேருமே சரி, ஆளுக்கொரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். ட்ரூயிட் (மிருகமாக மாறத் தெரிந்த மந்திரக்காரர்) விஷயத்தில் யாருமே பத்தியை முழுசாகப் படிக்கவில்லை.

வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்தில் கல்லூரிப் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்துகிற ஆட்டம் அது. கதை நடப்பது மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை போகிற மலைப்பாதையில். குட்டிப் பூதங்களான காப்ளின் கூட்டம் ஒன்று வழியை மறிக்கிறது. ஐந்தாம் லெவல் ரோக் தன் டர்னில் காப்ளின் தலைவனை ஸ்னீக் அட்டாக்கோடு குத்தினார். அடுத்து தலைவன் தன் டர்னில் ஓடப் பார்த்தபோது, ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்காக (விலகி ஓடுகிறவன் மேல் விடும் அடி) இன்னொரு குத்து விட்டு அதற்கும் ஸ்னீக் அட்டாக் பகடையை உருட்டினார். "ஏலே, ரவுண்டுக்கு ஒரு தடவதாம்லே" என்றார் டி.எம். "எங்கலே அப்படிப் போட்டுருக்கு?" என்றார் ரோக். ஆட்டம் அதோடு நின்றுவிட்டது. கூடவே ரெண்டு கேள்விகள்: பாலடினின் டிவைன் ஸ்மைட்டுக்கு (அடியோடு கூடுதல் சேதம் சேர்ப்பது) போனஸ் ஆக்‌ஷன் (வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) வேண்டுமா? காட்டுப்பன்றியாக மாறிய ட்ரூயிட், பன்றியாக இருக்கும்போதே அடிபட்டு விழுந்தால் செத்ததாகக் கணக்கா?

ஸ்னீக் அட்டாக்கிலிருந்து ஆரம்பிப்போம். விதியில் எழுதியிருப்பது 'டர்னுக்கு ஒருமுறை'. 'ரவுண்டுக்கு ஒருமுறை' என்று இல்லை. 'உங்கள் டர்னில் ஒருமுறை' என்றும் இல்லை. ரவுண்ட் என்பது கதைக்குள் ஏறத்தாழ 6 விநாடி. அந்த 6 விநாடிக்குள் சண்டையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும், காப்ளின்கள் உட்பட, ஆளுக்கொரு டர்ன் உண்டு. ரோக் தன் டர்னில் ஒருமுறை ஸ்னீக் அட்டாக் போட்டாயிற்று. தலைவன் ஓடுவது தலைவனுடைய டர்ன், அது வேறு. அந்த டர்னில் ரோக் இன்னும் ஸ்னீக் அட்டாக் போடவில்லை. ரியாக்‌ஷனைச் செலவழித்துக் குத்துகிறார், படுகிறது, போடலாம்.

தாயம் ஆடி வளர்ந்த நமக்கு இது இடிக்கத்தான் செய்யும். அங்கே தாயமோ ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் இன்னொரு கை உண்டு. விழாவிட்டால் தாயக்கட்டையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். அடுத்தவன் ஆடும்போது என் காய் வெட்டுப்படலாமே தவிர வெட்ட முடியாது. இந்த ஆட்டத்தில் அடுத்தவன் டர்னிலும் உங்களுக்குக் கை உண்டு, அதற்குப் பெயர்தான் ரியாக்‌ஷன்.

ஆனால் அதற்குக் கடிவாளமும் உண்டு. ரியாக்‌ஷனை ஒருமுறை செலவழித்தால், உங்களுடைய அடுத்த டர்ன் தொடங்கும்போதுதான் அது திரும்பி வரும். அதனால் எத்தனை காப்ளின் ஓடினாலும் ஒருவனைத்தான் பிடித்துக் குத்த முடியும். நடைமுறையில் ரவுண்டுக்கு ரெண்டு ஸ்னீக் அட்டாக்குக்கு மேல் போகாது. அதுவும் பெரும்பாலும் எதிராளி ஓடினால்தான். இன்னொன்று, ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கைக்கெட்டும் தூரத்தில் அடிக்கும் அடி. உங்கள் ரோக் வில்லை ஏந்தி நின்றிருந்தால் அந்த இரண்டாவது குத்துக்கே வழியில்லை. ரேப்பியரோ குத்துவாளோ கையில் இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நிபந்தனைகள். ஆயுதம் ஃபினெஸ் (வலுவுக்குப் பதில் லாவகத்தால் கையாளக்கூடிய) வகையாகவோ எட்ட இருந்து எய்யும் வகையாகவோ இருக்க வேண்டும். அதன்பிறகு ரெண்டு வழிகளில் ஏதாவது ஒன்று போதும். முதல் வழி, அந்த அடிக்கு அட்வான்டேஜ் (ரெண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) இருக்க வேண்டும். இரண்டாவது வழி, குறி வைத்த ஆளின் 5 அடிக்குள் அவனுடைய வேறொரு எதிரி நிற்க வேண்டும், அந்த எதிரி செயலிழந்து கிடக்கக் கூடாது, உங்கள் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டில் தாழ்ந்ததை எடுப்பது) இருக்கவும் கூடாது. 2014 விதிப் புத்தகம் 'உங்கள் நண்பன்' என்று சொல்லவில்லை, 'அவனுடைய எதிரி' என்றுதான் சொல்கிறது. 2024 புத்தகம் அதை 'உங்கள் கூட்டாளி' என்று மாற்றிவிட்டது. பழைய விதிப்படி, காப்ளினை முட்ட வந்த கரடி ஒன்று பக்கத்தில் நின்றாலும் கணக்கில் சேரும். ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் என்பது எதிராளி உங்கள் கைக்கெட்டும் தூரத்திலிருந்து விலகுவதற்குச் சற்றுமுன் விழுகிற அடி. அந்தக் கணத்தில் தலைவனுக்கு 5 அடிக்குள் உங்கள் பாலடினோ வேறு யாருமோ நின்றார்களா என்பதுதான் உங்கள் டி.எம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் அதைக் கேட்கவே இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நன்றாக ஆடுகிறவர்களே இங்கே தடுக்கி விழுவார்கள். ஷார்ட்போ என்கிற குறுவில்லின் சாதாரண எல்லை 80 அடி, அதற்கு மேல் 320 அடி வரை எய்யலாம், ஆனால் டிஸ்அட்வான்டேஜ் வரும். ரோக் 120 அடியிலிருந்து, மறைந்திருந்து எய்கிறார் என்று வையுங்கள். மறைந்திருப்பதால் அட்வான்டேஜ், தூரத்தால் டிஸ்அட்வான்டேஜ். ரெண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு அவரிடம் ரெண்டுமே இல்லை என்றுதான் கணக்கு. அட்வான்டேஜ் இல்லாததால் முதல் வழி அடைபட்டுவிட்டது. டிஸ்அட்வான்டேஜும் இல்லாததால் இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. குறியின் பக்கத்தில் பாலடின் நின்றால் ஸ்னீக் அட்டாக் உண்டு.

'ஸ்னீக்' என்று பெயர் இருப்பதால் ஒளிந்து நின்றால்தான் செல்லும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். விதியில் ஒளிவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒளிவது அட்வான்டேஜ் வாங்க ஒரு வழி, அவ்வளவுதான். நட்ட நடு வெயிலில் எதிராளியின் முகத்துக்கு நேரே நின்று குத்தினாலும், பக்கத்தில் கூட்டாளி இருந்தால் பகடையை உருட்டலாம். திறனின் பெயர் ஒரு அலங்காரம், விதி அதற்குக் கீழே இருக்கிற வாக்கியத்தில் இருக்கிறது.

இவ்வளவு கொடுத்தால் ரோக் அதிக பலசாலி ஆகிவிட மாட்டானா என்று உங்கள் டி.எம். பயப்படலாம். ஐந்தாம் லெவலில் ஸ்னீக் அட்டாக் 3டி6 (ஆறு முகப் பகடை மூன்று), சராசரி பத்தரை. அதே லெவலில் ஃபைட்டரும் பாலடினும் பார்பேரியனும் ஒரு டர்னில் ரெண்டு அடி அடிக்கிறார்கள். ரோக்குக்கு அந்த இரண்டாவது அடி எந்த லெவலிலும் தானாக வராது. அவனுக்கு இருக்கிற ஒரே சோறு இந்தப் பகடைகள்தான், அதில் கைவைக்கிற டி.எம்.கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதற்காக அந்தச் சண்டையைத் திருப்பி ஆட வேண்டாம். தலைவன் தப்பிவிட்டான் என்று தீர்ப்பானால் தப்பியதாகவே இருக்கட்டும். இனிமேல் சரியாக ஆடினால் போதும்.

இவ்வளவு குழப்பம் ஏன் வருகிறது? 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ஆட்டம் இது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு ஒவ்வொரு திறனையும் கட்டம் கட்டி, எந்தச் சொல் கலைச்சொல் என்று பளிச்சென்று காட்டியது. அது படிக்க மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு மறுபடி ஓடும் உரைநடைக்குப் போனது. படிக்கச் சுகம்தான். ஆனால் 'டர்ன்', 'ஆக்‌ஷன்', 'அட்டாக்' மாதிரி சொற்கள் சாதாரணப் பேச்சு போலவே வாக்கியத்துக்குள் கலந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கறாரான பொருள் இருப்பது தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறோம்.

அதனால் எந்தத் திறனைப் படித்தாலும் முதலில் 'எப்போது' என்று கேளுங்கள். யாருடைய டர்ன், ஆக்‌ஷனா போனஸ் ஆக்‌ஷனா ரியாக்‌ஷனா, அல்லது அடி பட்ட பிறகு சும்மா சேர்த்துக்கொள்வதா? பிறகு 'எந்த நிபந்தனையில்', 'என்ன செலவு', 'செலவழித்தது எப்போது திரும்பும்'. என் அனுபவத்தில் முதல் கேள்வியிலேயே முக்கால்வாசிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு வரும் எக்ஸ்ட்ரா அட்டாக்கைப் பாருங்கள். 'உங்கள் டர்னில் அட்டாக் ஆக்‌ஷன் எடுக்கும்போது' ஒன்றுக்குப் பதில் ரெண்டு அடி. இங்கே 'உங்கள் டர்னில்' என்று தெளிவாக இருக்கிறது. அதே காப்ளின் தலைவன் ஃபைட்டரிடமிருந்து ஓடினால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் ஒன்றுதான். ஓடுவது தலைவன் டர்ன், ஃபைட்டர் எடுத்ததும் அட்டாக் ஆக்‌ஷன் அல்ல. ஸ்னீக் அட்டாக் அடுத்தவன் டர்னில் செல்லும், எக்ஸ்ட்ரா அட்டாக் செல்லாது. இந்த ரெண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் குழுவில் உரக்கப் படித்துப் பாருங்கள்.

இப்போது பாலடின். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் டிவைன் ஸ்மைட் ஒரு கிளாஸ் (பாத்திர வகை) திறன். கைகலப்பு ஆயுத அடி பட்ட பிறகு ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் ஓதக் கிடைக்கும் அளவான பங்கு) செலவழித்தால் 2டி8 கூடுதல் சேதம். ஸ்லாட்டின் லெவல் ஒன்று கூடினால் 1டி8 கூடும், 5டி8 உச்சவரம்பு. எதிராளி செத்தும் நடமாடும் அன்டெட்டோ நரகப் பிறவியான ஃபீண்டோ ஆனால் மேலும் 1டி8. ஆக்‌ஷன் எதுவும் வேண்டாம். டி20-இல் 20 விழுந்ததைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், ரெண்டு அடி பட்டால் ரெண்டிலும் போடலாம்.

2024-இல் திருத்திய புத்தகம் வந்தது. அதில் டிவைன் ஸ்மைட் ஒரு மந்திரம். அடி பட்ட உடனே போனஸ் ஆக்‌ஷனில் ஓத வேண்டும். பாலடினுக்கு அது எப்போதும் தயாராக இருக்கும், லாங் ரெஸ்டுக்கு (8 மணி நேர ஓய்வு) ஒருமுறை ஸ்லாட் இல்லாமலும் போடலாம். ஆனால் போனஸ் ஆக்‌ஷன் டர்னுக்கு ஒன்றுதான் என்பதால் டர்னுக்கு ஒரு ஸ்மைட்தான். மந்திரம் ஆகிவிட்டதால் வால் மாதிரி இன்னும் சில பின்னால் வருகின்றன. எதிர்மந்திரமான கவுன்டர்ஸ்பெல் போட்டு அதைத் தடுக்கலாம். பார்பேரியனின் ரேஜில் (வெறிகொண்ட நிலை) இருப்பவர் மந்திரம் ஓத முடியாது. ஆகவே பார்பேரியனும் பாலடினுமாகக் கலந்து ஆடுகிறவர் 2014-இல் ரேஜோடு ஸ்மைட் போட்டார், 2024-இல் முடியாது. உங்கள் பாலடின் பழைய புத்தகம் வைத்திருக்கிறார், டி.எம். புதியதைப் படித்திருக்கிறார் என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. ரெண்டில் ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். அவரவர்க்கு லாபமான பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வந்தால் கட்டுபடியாகாது. என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிற குழுவுக்கு 2024 நல்லது. ஸ்மைட்டைப் பொறுத்தவரை பழையது கொஞ்சம் அட்டகாசம்தான், ஒரே டர்னில் ஸ்லாட்டுகளைக் கொட்டிப் பாலடின் எதிராளியைச் சாய்த்துவிடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போனஸ் ஆக்‌ஷன் என்பது எல்லோர் பையிலும் தினமும் கிடக்கிற ஒன்றல்ல. ஏதாவது ஒரு திறனோ மந்திரமோ 'போனஸ் ஆக்‌ஷனில் இதைச் செய்யலாம்' என்று சொன்னால்தான் அது உண்டு. ஆக்‌ஷனை அதற்கு மாற்றாகக் கொடுக்கவும் முடியாது. ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ் இன்னொரு ஆக்‌ஷன் தரும், இன்னொரு போனஸ் ஆக்‌ஷன் தராது. மந்திரக்காரர்களுக்கு 2014-இல் ஒரு தனிக் கட்டுப்பாடு இருந்தது: போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் ஓதிவிட்டால், அதே டர்னில் வேறு எதை ஓதினாலும் அது ஒரு ஆக்‌ஷன் எடுக்கிற கேன்ட்ரிப்பாகத்தான் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) இருக்க வேண்டும். கிளெரிக் ஹீலிங் வேர்டு போட்டுவிட்டு கைடிங் போல்ட் போட முடியாது, கேன்ட்ரிப்பான சேக்ரட் ஃபிளேம் போடலாம். 2024-இல் இது சுருங்கி, ஒரு டர்னில் ஒரு ஸ்பெல் ஸ்லாட்தான் மந்திரத்துக்குச் செலவழிக்கலாம் என்று ஆகிவிட்டது. எவ்வளவோ நிம்மதி.

ட்ரூயிட்டுக்கு வருவோம். உங்கள் ட்ரூயிட் 2014 விதியில்தான் மாறியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். காட்டுப்பன்றிக்கு அங்கே 11 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). வைல்ட் ஷேப்பில் (மிருக உருவம்) இருக்கும்போது அந்த 11-ஐத்தான் எதிராளி குறைக்கிறான். பூஜ்யம் ஆனால் ட்ரூயிட் சாகவில்லை. சொந்த உருவத்துக்குத் திரும்பி, மாறுவதற்கு முன் எவ்வளவு ஹிட் பாயின்ட் இருந்ததோ அதோடு நிற்பார். மிச்சச் சேதம் மட்டும் அவர் மேல் வரும். பன்றிக்கு 3 மிச்சம் இருக்கும்போது 8 சேதம் விழுந்தால், 5 ட்ரூயிட்டுக்கு. அந்த 5-ஐ அவர் தாங்கினால் சண்டையைத் தொடரலாம். இதே இடத்தில் 7 அல்லது அதற்குக் குறைவாக விழுந்திருந்தால் கதையே வேறு. பன்றிக்கு ரிலென்ட்லெஸ் என்று ஒரு குணம் உண்டு, ஓய்வுக்கு ஒருமுறை 7 வரையிலான அடி அதைச் சாய்க்காமல் 1 ஹிட் பாயின்ட்டில் நிறுத்தும். மிருகத்தின் குணங்களும் சேர்ந்தே வருகின்றன என்பதால் உங்கள் ட்ரூயிட்டுக்கும் அது உண்டு. காட்டுப்பன்றி லேசில் விழாது என்பது மாஞ்சோலைப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மிருகமாக இருக்கும்போது புதிதாக மந்திரம் ஓத முடியாது. ஆனால் ஏற்கெனவே ஓதிய மந்திரத்தைப் பிடித்து வைக்கும் கவனமான கான்சன்ட்ரேஷன் மாறுவதால் கலையாது. கால் லைட்னிங் போட்டுவிட்டுப் பன்றியாக மாறினால், பன்றி தன் ஆக்‌ஷனில் மின்னலை இறக்கிக்கொண்டே இருக்கலாம். கிண்டல் இல்லை, விதியே இந்த மந்திரத்தைப் பெயர் சொல்லி உதாரணம் காட்டுகிறது. வெட்ட வெளியில் ஏற்கெனவே இடிமழை இருந்தால் அந்த மின்னலுக்கு 1டி10 கூடும். உங்கள் கதை ஐப்பசியில் நடக்கிறது என்று டி.எம்.மிடம் பேசி வையுங்கள். 2024-இல் இந்த ஹிட் பாயின்ட் கணக்கு அடியோடு மாறிவிட்டது: சொந்த ஹிட் பாயின்ட்டே தொடரும், மாறும்போது ட்ரூயிட் லெவல் அளவுக்குத் தற்காலிக ஹிட் பாயின்ட் மட்டும் மேலே கிடைக்கும். கணக்கு எளிது, பன்றி மெலிந்துபோனது.

இன்னும் சில, வேகமாக. பார்பேரியனின் கவசமில்லாத தற்காப்பு 10 கூட்டல் டெக்ஸ் (லாவகம்) கூட்டல் கான் (உடல் உறுதி), மாங்க்குடையது 10 கூட்டல் டெக்ஸ் கூட்டல் விஸ்டம். ரெண்டு கிளாஸும் எடுத்தவர் மூன்றையும் கூட்ட முடியாது, 2014 விதியில் முதலில் வாங்கியதுதான். எக்ஸ்ட்ரா அட்டாக் ரெண்டு கிளாஸில் வந்தாலும் மூன்று அடி ஆகாது. ஒரே சேதத்துக்கு ரெண்டு இடத்திலிருந்து ரெசிஸ்டன்ஸ் (சேதத்தைப் பாதியாக்கும் தாங்குதிறன்) வந்தாலும் ஒருமுறைதான் பாதியாகும். பாதியாக்கும்போது பின்னம் வந்தால் கீழே இறக்கு, 15 என்றால் 7.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வார்லாக் (ஒப்பந்தத்தால் மந்திரம் பெற்ற பாத்திரம்) சலித்துப்போய் வருவதை நிறுத்திவிட்டார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் லெவல் வார்லாக்குக்கு ஸ்லாட் ரெண்டுதான், ரெண்டும் மூன்றாம் லெவல், ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்டில் திரும்பிவிடும். அதே லெவல் விஸார்டுக்கு முதல் லெவலில் 4, இரண்டில் 3, மூன்றில் 2, ஆனால் முழுசாகத் திரும்ப 8 மணி நேர லாங் ரெஸ்ட் வேண்டும். ஒரு நாளில் ரெண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் வார்லாக் ஆறு மூன்றாம் லெவல் மந்திரம் ஓதுவார். ஒன்றும் கிடைக்காவிட்டால் ரெண்டோடு சரி. 2014 டி.எம். வழிகாட்டி ஒரு குழு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மோதல் வரை தாங்கும் என்று கணக்கு வைத்திருந்தது. நம் ஊர்க் குழுக்களில் ஞாயிறு மாலை கூடி, ஒரு சண்டை, உடனே "எல்லாரும் படுத்துத் தூங்கியாச்சு" என்று முடித்துவிடுகிறோம். அப்படி ஆடினால் ஸ்மைட் கொட்டுகிற பாலடினும் விஸார்டும் ராஜா, வார்லாக்கும் மாங்க்கும் சும்மா வந்து போகிறவர்கள். விதியைத் தப்பாகப் படித்ததால் வந்த வினை இல்லை இது, ஓய்வு எப்போது என்ற கேள்வியை யாரும் கேட்காததால் வந்தது. மலையேறும் வழியில் ஒரு மண்டபத்தில் ஒரு மணி நேரம் மழைக்கு ஒதுங்கி நிற்க வையுங்கள், அது போதும். அதிகாலையில் ஒரு சண்டை, ஒதுங்கல், மத்தியானம் ஒரு சண்டை என்று ஒரே கதை நாளை ரெண்டு மூன்று ஞாயிறுகளுக்கு இழுத்தால் வார்லாக் தானாகத் திரும்பி வருவார்.

ஆட்டத்தின் நடுவில் சந்தேகம் வந்தால் டி.எம். அப்போதைக்கு ஒரு முடிவு சொல்லட்டும், எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டு நகருங்கள், புத்தகத்தைப் பிறகு திறக்கலாம். புத்தகம் விலை கூடுதல் என்று தயங்க வேண்டாம். எஸ்.ஆர்.டி. என்கிற அடிப்படை விதித் தொகுப்பு இலவசம். 2014 விதிகளுக்கான 5.1 தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள், 2024 விதிகளுக்கான 5.2 தொகுப்பு 2025-இல் வந்தது. பதிவிறக்கும்போது தொகுப்பின் எண்ணைப் பாருங்கள், ரெண்டையும் கலந்து வைத்திருக்கிற தளங்கள் ஏராளம். உங்கள் ஆட்களுடைய கிளாஸ் பக்கங்களை மட்டும் திருநெல்வேலி ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே ஒரு துணைப்பிரிவுதான் அதில் இருக்கும். 5.1-இல் ட்ரூயிட்டுக்கு இருப்பது லேண்ட் வட்டம். உங்கள் ட்ரூயிட் போனஸ் ஆக்‌ஷனிலேயே பன்றியாக மாறினார் என்றால் அவர் மூன் வட்டத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அதற்கு மட்டும் 2014 புத்தகம் தேவைப்படும். லேண்ட் வட்டம் என்றால் அன்றைக்கு மாறியதற்கு ஒரு முழு ஆக்‌ஷன் போயிருக்க வேண்டும்.